நீலத் துண்டு

கொக்கட்டிச்சோலையில் செவ்வாய்க்கிழமை சந்தை.
ஆறரைக்கு நான் அங்கே நிற்க வேண்டும்,
தோளில் ரெக்சின் பை,
பைக்குள் துண்டுப் புத்தகம் இரண்டு.
நிலத்தில் சாக்கு விரித்தால் நீலம், ஐம்பது ரூபாய்.
மேசை போட்டால் மஞ்சள், நூறு.
கிழிக்கிற சத்தம் கேட்டாலே
கொச்சிக்காய் விற்பவளின் கை
தானாக மடிக்குள் போகும்.

போன வருடக் கடைசியில் இன்னொரு வேலையும் தந்தார்கள்.
வறுமை ஒழிப்பு உபகுழு.
வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்பதாம் பக்கம்,
வட்டாரத்துக்கு ஐந்து குடும்பம்.
"ஊர்ச் சனத்த முழுக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கதானே"
என்றார் செயலாளர்.
மெய்தான்.
ஐம்பது ரூபாய் யாரிடம் இல்லை என்பது
இந்தச் சபையில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

படிவத்தில் பதினாறு கேள்வி.
கூரை: ஓடு, தகரம், கிடுகு.
தண்ணீர்: குழாய், கிணறு, பவுசர்.
கடன்: ஆம், இல்லை.
யோகமலர் "ஆம்" என்றாள்.
எத்தனை என்று எழுத இடமிருக்கா என்றும் கேட்டாள்.
இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்:
நாலு கம்பனி.
திங்கள், புதன், வியாழன், வெள்ளி
வாசலில் வந்து நிற்பார்கள்.
செவ்வாய் நான்.

கடைசிக் கேள்வி, வாழ்வாதாரத்துக்கு என்ன தேவை.
கோழி, ஆடு, தையல் மெசின்
என்று அச்சடித்திருந்தது.
கன நேரம் பேசாமல் இருந்தாள்.
வெளியே மகன் கழன்ற சைக்கிள் செயினோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
"றோட்டுக்கு ஒரு லைற் போட ஏலாதா சேர்?
மூண்டரைக்கு வெளிக்கிட்டாத்தான்
எழுவான்கரை யாவாரிகள் பாலம் தாண்டி வாறதுக்குள்ள
இடம் பிடிக்கலாம்.
இருட்டுக்குள்ள யானை நிண்டாலும் தெரியுதில்ல."

தெருவிளக்கு. சபையின் சொந்த வேலை.
அதற்குத்தான் அந்தத் தாளில் பெட்டி இல்லை.
கோழிக்கு நேரே சரி போட்டேன்.

மைதானத்தில் பந்தல், தவிசாளருக்கு மாலை.
மாலைக்கு ஆயிரத்து எண்ணூறு,
வவுச்சரில் என் ஒப்பம்.
ஆளுக்கு ஐந்து பேடு, ஒரு சேவல், கூடு,
ஒரு மாதத்துக்குத் தீன்.
படம் பிடிக்கிற நேரம் பார்த்து
சேவல் உபதவிசாளரின் கையைக் கொத்தியது.
எல்லாரும் சிரித்தார்கள்.
யோகமலர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஏழாம் கிழமை
பேசினுக்குள் உமி பரப்பி, உமிக்குள் முட்டை பதித்து
சாக்கில் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு முட்டை.
நான் நீலம் கிழித்தேன்.
"நீங்க தந்த கோழி" என்றாள்,
"துண்டும் நீங்கதான் கிழிக்கிறீங்க."
கோபமாய்ச் சொல்லவில்லை.
மழை வரும்போல என்று சொல்வாளே, அந்தக் குரல்.

சபை அமர்வில் எனக்குப் பேச்சில்லை,
கோப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்பது மட்டும்.
அதனால் ஒரு தாளில் கணக்கு எழுதி
ஒருநாளும் வாய் திறக்காத உறுப்பினர்
சிவஞானவதியின் மேசையில் வைத்தேன்.
வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.
எழும்பினார்.
"சாக்கு விரிக்கிறவங்களுக்குத் துண்டு வேணாம்."

சபை வருமானம் விழும் என்றார் ஒருவர்.
நாளைக்கு மேசைக்காரனும் சாக்கோடு வருவான்
என்றார் இன்னொருவர்.
எட்டுக்கு ஏழு. எதிர்க்க இருந்த ஒருவர்
ஃபோன் பேச வெளியே போயிருந்தார்.
மூன்று மாதம், பரீட்சார்த்தமாக.

விளக்குக்கும் தீர்மானம் உண்டு.
பல்ப் வந்துவிட்டது.
ஏணி வாகனம் பழுது.

இந்தச் செவ்வாய் நீலப் புத்தகத்தை
லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.
என்னைக் கண்டதும் யோகமலர்
ஐம்பது ரூபாயை நீட்டினாள்.
இனி வேண்டாம் என்றேன், சபை முடிவு என்றேன்.
"அப்ப அடுத்த கிழமை ரெண்டாக் கேப்பீங்களா?"

இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.
தாளை அவள் மடிக்குள் வைக்கவில்லை.
நான் மீன்கடைப் பக்கம் திரும்பும் வரைக்கும்
கைக்குள் பொத்தியபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.